மாமாவின் மடக்கு மேசைக்கு என்னென்ன தேவை?

போன கிழமை பேப்பரில் வெளியான என் பத்தியை வாசித்து முடித்துவிட்டு யோகம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தா.

"ஊரிலை உள்ள எல்லாரையும் எழுதியாச்சு. என்ரை கால் முறிஞ்ச கதையை எப்ப எழுதப் போறியள்?"

யோகம் என் மனைவி. முறிந்தது அவவின் கால். கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கால் அல்ல, தோள்.

கொக்குவிலில் மாமாவின் வீட்டு விறாந்தை. ஒரு சனிக்கிழமை காலை. புதிதாய்ச் சீவிய பூவரச மரத்தின் மணம். யோகம் ஒரு காலில் முழங்கால் வரைக்கும் பிளாஸ்டர் கட்டோடு, இரண்டு கக்கத்திலும் இரண்டு ஊன்றுகோல்களை வைத்துக்கொண்டு நிற்கிறா. வலப் பக்கத்துக் கோலைச் செய்தவர் மாமா, அதாவது அவவின் தகப்பனார். இடப் பக்கத்துக் கோலைச் செய்தவன் நான். விழுந்தால் பிடிக்கக் கைகளை நீட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம்.

"விடுங்கோ. நான் நிக்கிறன்."

விட்டோம். நின்றா. ஆனால் இடத் தோள் எழும்பிக் காதை முட்டியது. வலத் தோள் கீழே போயிற்று. சரக்கெல்லாம் ஒரு பக்கம் உருண்டுபோன வள்ளம் மாதிரிச் சரிந்து நின்றபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"நான் விழேக்கை என்ரை தோள் ரெண்டும் ஒரே உயரத்திலைதான் இருந்தது" என்றா.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். எனக்கும் யோகத்துக்கும் கலியாணம் நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

சைக்கிளோடு மட்டும் கதைப்பவர்

நான் பருத்தித்துறைக் கடற்கரைக்காரன். அப்பா தோணியோட்டியவர், அண்ணையும் கடலோடுதான். வீட்டில் கடல் ஒத்துவராத ஒரே ஆள் நான். வள்ளம் கரையில் கட்டி நிற்கும்போதே எனக்கு வாந்தி வரும். அதனால்தான் படித்து, பூமிசாஸ்திரம் படிப்பிக்கும் வாத்தியாராகி, கொக்குவிலுக்கு வந்தேன். அங்கே யோகம் கணக்கு ரீச்சர். பிறகு நடந்ததைச் சில கிழமைகளுக்கு முன்னர் எழுதிவிட்டேன்.

மாமாவின் ஆட்கள் தோட்டக் காணிக்காரர். புகையிலை, வெங்காயம், மிளகாய். பருத்தித்துறையிலிருந்து கொக்குவிலுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் போதும். மாமாவின் மனதில் அந்தத் தூரம் வேறு. என்ன தூரம் என்று எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை; மற்றவர்களுக்கு: கரைக்காரர் வீட்டில் காணிக்காரர் கை நனைக்க மாட்டார்கள். எங்கள் கலியாண எழுத்துக்கு அவர் வரவில்லை.

வரவில்லையே தவிர, ஒருநாளும் ஏசியதில்லை. கதைக்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகம் தகப்பனைப் பார்க்கப் போவா. நான் வாசல் படலையடியில் சைக்கிளோடு நிற்பேன். உள்ளேயிருந்து குரல் வரும்.

"பிள்ளை, வெளியிலை ஒரு சைக்கிள் வெயில் காயுது. உள்ளை விடச் சொல்லு."

சைக்கிள் உள்ளே போகும். அதைப் பிடித்திருந்த காரணத்தால் நானும் போவேன்.

இயல்பாகவே அவர் கனக்கக் கதைக்கிறவர் அல்ல. தந்திக் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். ஊரார் அழுது அழுது நீட்டிச் சொல்வதை எல்லாம் நாலு சொல்லாகக் குறைத்துக் கொடுத்துக் கொடுத்து, தன் பேச்சையும் அப்படியே ஆக்கிக்கொண்டார். "மழை. குடை" என்பார். மழை வரப் போகிறது, குடையை எடுத்துக்கொண்டு போ பிள்ளை என்று யோகம் விளங்கிக்கொள்ள வேண்டும். மாமி உயிரோடு இருந்த காலத்தில் மிச்சச் சொற்களை எல்லாம் மாமிதான் போட்டு நிரப்புவாவாம்.

ஒழுங்கைக்குள் ஒரு ஆடு

தெற்கேயிருந்து சோளகக் காற்று வீசும் காலம். யோகம் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தா. ஒடுங்கிய ஒழுங்கையின் முடக்கில் திரும்பும்போது ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. ஆட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. யோகத்துக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் கட்டி, காலை நிலத்தில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாமா வாடகைக் கார் ஒன்று பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"வீட்டை போவம்" என்றார் மகளிடம்.

எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. யோகத்தைப் பின் ஆசனத்தில் படுக்க வைத்தோம். மாமா அவவின் தலைமாட்டில் ஏறினார். நான் ட்ரைவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தேன். ஏறு என்று சொல்லவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை. அப்படித்தான் நான் மாமனார் வீட்டில் தங்கப் போனேன்.

அடுத்த நாளே ஒரு சங்கடம். அந்தக் காலத்து வளவுகளில் கக்கூஸ் வீட்டோடு ஒட்டி இருக்காது. கிணற்றைத் தாண்டி, வாழைகளைத் தாண்டிப் பின்வேலியோரம் இருக்கும். யோகத்தைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் வர வேண்டும். ஒரு பக்கம் மாமா, மறு பக்கம் நான்.

கதைக்காத இரண்டு பேர் ஒரு கதிரையைத் தூக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். கட்டளை எல்லாம் கதிரையிலிருந்துதான் வரும். "இப்ப தூக்குங்கோ. அப்பா, மெதுவாய். இஞ்சாருங்கோ, காலடியிலை கல்லு." கதிரையில் இருந்தவவுக்கோ வெட்கத்தில் முகம் சிவந்து போயிருக்கும். அவ பள்ளிக்கூடத்தில் நடந்து வந்தால் பெரிய வகுப்புப் பெட்டைகளே எழும்பி நிற்பார்கள்.

ஒருநாள் மாமா கிணற்றுக்கு வலப் பக்கத்தால் போக நினைத்தார். நான் இடப் பக்கத்தால் போக நினைத்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. கதிரை நேரே கிணற்றுக்கட்டை நோக்கிப் போயிற்று.

"நிப்பாட்டுங்கோ!" யோகம் கத்திய சத்தத்தில் பக்கத்து வளவு நாயும் குரைத்தது. "என்னைக் கிணத்துக்குள்ளை போட்டிட்டாவது ரெண்டு பேரும் கதைக்கத் தொடங்குவியளோ?"

கதிரையை மெல்ல நிலத்தில் வைத்தோம்.

"இனி என்னை ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை. எனக்கு ஊன்றுகோல் வேணும்."

ஆஸ்பத்திரியில் ஒரு சோடி இருந்தது. உயரமான ஆட்களுக்குச் செய்தது. யோகம் ஐந்தடிக்கும் குறைவு. எங்கள் பக்கத்து மரவேலை ஆசாரியாரோ ஒரு கோயிலில் தேர் வேலைக்குப் போய்விட்டார். திருவிழா முடியாமல் வரமாட்டார்.

"அப்பாட்டை லண்டன் மேசை இருக்கு. முத்தத்திலை வெட்டின பூவரசு கிடக்கு. ஆளுக்கு ஒண்டு செய்யுங்கோ" என்றா யோகம்.

ஏன் ஆளுக்கு ஒன்று? ஒருவரைக் கேட்டால் மற்றவருக்கு மனம் நோகும் என்று நினைத்தாவாம். கணக்கு ரீச்சர் போட்ட கணக்கு.

லண்டன் மேசை

லண்டனில் இருந்த என் மச்சான், யோகத்தின் அண்ணை, தகப்பன் இளைப்பாறியபோது அனுப்பிய பரிசு அது. தச்சுவேலை பழகப் போகிறேன் என்று மாமா எப்போதோ ஒரு கடிதத்தில் எழுதிவிட்டாராம்.

இரும்புக் கால்கள், மடக்கினால் ஒரு பெட்டியளவாகிவிடும், கையில் தூக்கிக்கொண்டு போகலாம். விரித்தால் மேலே இரண்டு நீளப் பலகைகள். இரண்டு பக்கமும் உள்ள கைபிடிகளைச் சுற்றினால் பலகைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்து, நடுவில் வைத்த மரத்தைக் கவ்விப் பிடிக்கும். பலகைகளில் வரிசையாகத் துளைகள். கவ்வ முடியாத அகலமான சாமான் என்றால், துளைகளில் முளைகளைச் செருகி அவற்றுக்கு நடுவில் வைத்து இறுக்கலாம்.

மாமா அதைப் பழைய படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். அதோடு வந்த நாலு செம்மஞ்சள் பிளாஸ்டிக் முளைகளும் அலுமாரியில், பட்டு வேட்டிக்கு அடியில், பூட்டப்பட்டிருந்தன. தொலைந்துவிடுமாம். தச்சுவேலை மட்டும் தொடங்கப்படவில்லை.

மேசையோடு ஒரு மடிப்புக் கடதாசியும் வந்திருந்தது. அதில் படம் படமாக, தனியே வாங்கவேண்டிய உப சாமான்கள். நீள இறுக்கிகள், ஆயுதம் வைக்கும் தட்டு, வெட்டும் கோணம் காட்டும் சட்டம், மேலே பொருத்தும் விளக்கு. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு மரம் அரிந்தார்.

வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. பாண் ரொட்டிக்கும் சீலைக்கும் வரிசையில் நின்றோம். சைக்கிள் ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. அந்தக் கடதாசியைப் பார்ப்பது, பசியோடு இருப்பவன் கலியாண வீட்டுச் சமையல் மணத்தை மோப்பம் பிடிப்பது மாதிரி. இல்லாததில் எது உண்மையாகவே வேண்டும், எதை நாங்களே செய்துகொள்ளலாம் என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்க இரண்டு பேர் கதைக்க வேண்டும்.

நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். அதையும் யாரும் சொல்லி வைக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை நேரம் மாமாவுக்கு. அவர் கோயிலுக்குப் போகும் பின்னேரம் எனக்கு. மேசை முருங்கை மரத்துக்குக் கீழே நின்றது. யன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த யோகத்துக்கு இரண்டு காட்சியும் தெரியும்.

காலையில் வந்ததும் பின்னேரம் போனதும்

முதல் நாள் நான் மரத்தைக் கவ்வக் கொடுத்தேன். மேசை நன்றாகக் கவ்வியது. எடுத்துப் பார்த்தால் பூவரசில் இரண்டு பக்கமும் தழும்பு. மாமாவுக்கும் அதே அனுபவம் ஆகியிருக்க வேண்டும். அடுத்த நாள் பின்னேரம் போய்ப் பார்க்கிறேன், பலகைகளின் உட்பக்கம் முழுக்கப் பழைய சைக்கிள் ரியூப் வெட்டி வடிவாய் ஒட்டியிருக்கிறது. மரம் வழுக்கவும் இல்லை, தழும்பு விழவும் இல்லை. மடக்கு மேசை வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

மகிழ்ச்சியோடு சைக்கிளை எடுக்கப் போனேன். அதன் முன் சில்லுக் காற்றுப் போயிருந்தது. பழைய ரியூப்பா, என்னுடைய ரியூப்பா என்று ஒரு சந்தேகம் வந்தது. நல்ல வேளை, வெறும் முள்.

சீவுளி போடும்போது மேசை ஆடியது. அது இலேசான மேசை. எங்கள் முற்றமோ மணல். கீழ்ச் சட்டத்தில் உடைந்த அம்மிக்கல் ஒன்றைத் தூக்கி வைத்தேன். ஆட்டம் நின்றது. அடுத்த நாள் காலை மாமா அதில் கால்விரலை அடித்துக்கொண்டாராம். ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று யோகம் சொன்னா. பின்னேரம் பார்த்தேன். கல்லை எடுக்கவில்லை. அதில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது, லொறிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்குக் கட்டுவது போல.

உளியும் பென்சிலும் மணலில் விழுந்து தொலைந்தன. அவற்றைப் போட்டுவைக்க, பால்மா வந்த வெறும் தகர ரின் ஒன்றை மேசையின் வலப் பக்கம் தொங்கவிட்டேன். அடுத்த நாள் அது இடப் பக்கம் தொங்கியது. வலப் பக்கம் மாற்றினேன். மறுநாள் மறுபடி இடப் பக்கம். கோபம் வந்தது.

"உன்ரை அப்பா வேணுமெண்டு செய்யிறார்."

"அப்பா இடக்கைக்காரர்" என்றா யோகம். "ரெண்டு வருஷமாய் மருமோன், இது கூடத் தெரியாதோ?"

தெரியாது. அவர் எழுதி, சாப்பிட்டு, எதையாவது எடுத்துக் கொடுத்து நான் கிட்டத்தில் பார்த்திருந்தால்தானே. அன்று நான் ரின்னைத் தொடவில்லை. அடுத்த நாள் வலப் பக்கத்தில் இன்னொரு ரின் தொங்கியது. அதன் விளிம்பு கையை வெட்டாமல் அரத்தால் ராவி விடப்பட்டிருந்தது.

எல்லாமே இப்படி உருப்படியாய் அமைந்தன என்று நினைக்க வேண்டாம். வெயிலுக்கு நிழல் வேண்டும் என்று மாமா தன் கறுப்புக் குடையை விரித்து மேசையில் கட்டினார். வெள்ளைக்காரருக்கு விளக்கு, எங்களுக்குக் குடை. சோளகம் குடைக்குள் புகுந்து, மேசையையும் குடையையும் அம்மிக்கல்லையும் சேர்த்துக் கவிழ்த்து, குடையை மட்டும் வாழைக்குள் கொண்டுபோய்ப் போட்டது. நானும் என் பங்குக்கு, கோணம் காட்டும் சட்டம் என்று ஒன்று செய்தேன். அது எனக்குத் தெரிந்த எந்தக் கோணத்தையும் காட்டவில்லை. மாமா அதைக் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டார். நல்ல தாழ்ப்பாள்.

மீன் மணக்கும் கயிறு

ஊன்றுகோலின் நீளக் காலுக்கு மேலே, கக்கத்தில் வைக்கிற பிறை போன்ற குறுக்குத் துண்டை வச்சிரம் பூசி ஒட்ட வேண்டும். பிசின் இறுகும் வரைக்கும் ஒரு இரவு முழுக்க அசையாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அதற்குத்தான் கடதாசியில் உள்ள நீள இறுக்கிகள். இது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. மாமா செங்கல் அடுக்கிப் பார்த்தார். நான் மேலே ஏறி இருந்து பார்த்தேன்.

பருத்தித்துறைக்கு பஸ் ஏறினேன். அண்ணை கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். ஊன்றுகோல் என்றதும் முகம் வாடியது. நான் தச்சுவேலை செய்கிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீயோ? அம்மா, உவன் மரவேலை செய்யிறானாம்!" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார். பிறகு ஒரு நீளக் கயிற்றையும் ஒரு தடியையும் எடுத்தார். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, நடுவில் தடியைச் செருகி முறுக்கினார். கயிறு கிறீச்சிட்டு இறுகியது.

"தடி திரும்பாமல் ஒரு முடிச்சுப் போடு. அவ்வளவு காணும். பாய்மரத்தையே பிடிச்ச கயிறு, உன்ரை ரெண்டு துண்டுப் பலகையைப் பிடியாதோ?"

நான் புறப்படும்போது கேட்டார்: "கிழவர் கதைக்கிறாரோ?"

"இல்லை அண்ணை."

"மேசையைத் தொட விடுறார்தானே" என்றார் அண்ணை. "நானெண்டால் என்ரை வள்ளத்தை உன்னைத் தொட விடன்."

அன்று பின்னேரம் என் கோலை ஒட்டிக் கயிற்றால் முறுக்கிக் கட்டி வைத்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தேன். என் கோல் மேசையில் கிடந்தது, கல் மாதிரி ஒட்டியிருந்தது. கயிற்றைக் காணவில்லை.  எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். யன்னலில் யோகத்தின் முகம் தெரிந்தது. கையால் கிணற்றடியைக் காட்டினா.

கயிறு சவர்க்காரம் போட்டுத் தோய்க்கப்பட்டு, மாமாவின் வேட்டிக்குப் பக்கத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"மீன் மணக்குது எண்டார்" என்று யோகம் மெதுவாய்ச் சொன்னா. "பேந்து அரை மணித்தியாலம் அதை முறுக்கி முறுக்கிப் பார்த்தவர். உப்பிடி இன்னொண்டு கிடைக்குமோ எண்டு கேக்கட்டாம்."

"ஆரை?"

"ஆரையெண்டு சொல்லேல்லை."

அடுத்த கிழமை இன்னொரு கயிறு கொண்டு வந்தேன். அதை வைக்கப் போனபோது, வலப் பக்க ரின்னுக்குள், என் பக்கத்து ரின்னுக்குள், செம்மஞ்சள் முளைகள் கிடந்தன. நாலும். அலுமாரிச் சாவி மாமாவின் இடுப்பில்தான் எப்போதும் இருக்கும். வேறு யாரும் எடுத்திருக்க முடியாது. நான் அவற்றை எடுத்துத் துளைகளில் செருகி, கழற்றி, மறுபடி செருகிப் பார்த்தேன். அன்று வேறு வேலை ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு அங்குலம்

இப்போது அந்தச் சனிக்கிழமை விறாந்தைக்கு வருவோம். ஒரு பக்கம் சரிந்த யோகமும், ஒருவரை ஒருவர் பார்க்கும் நாங்களும்.

யோகத்தைப் பிடித்துக் கதிரையில் இருத்தினோம். கோல்களை நிலத்தில் பக்கம் பக்கமாய் வைத்தோம். என்னுடையது இரண்டு அங்குலம் நீளம்.

அளவு ஒன்றுதான். நான் எடுத்து யோகத்திடம் சொன்னேன், யோகம் தகப்பனிடம் சொன்னா. அந்த இலக்கத்தை மாமா அப்படியே வாங்கிக்கொண்டார். தந்தியில் இலக்கம் பிழைக்க விடாதவர். நானோ பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து வெட்டினேன். இரண்டு பேருக்கும் தன் கோல்தான் சரி என்பதில் சந்தேகமே இல்லை.

மாமா உள்ளே போனார். சுருட்டி வைத்த தையல் நாடாவோடு வந்தார். மாமியின் நாடா. அதால்தான் அவர் அளந்திருக்கிறார். விரித்து என் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நாடாவின் முதல் இரண்டு அங்குலத்தையும் எலி எப்போதோ தின்றிருந்தது.

எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். மறைக்கப் பார்த்தேன், முடிந்திருக்காது. மாமாவின் காது சிவந்தது.

அப்போது யோகம் சொன்னா: "ஆனால் அப்பான்ரை கோல்தான் எனக்கு அளவு. இவர் செய்ததுதான் கக்கத்துக்குள்ளை குத்துது."

 மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, எப்பிடி அளந்தனீர்?"

அவர் என்னிடம் கதைத்த முதல் வார்த்தை அது.  சொன்னேன்.

"அவ படுத்திருக்கேக்கை, மாமா. கக்கத்திலையிருந்து கால்விரல் நுனி வரைக்கும்."

"விரல் நுனி?"

"ஓம்."

"விரல் நுனியிலை நிக்கிறதுக்கு என்ரை பிள்ளை என்ன, கூத்தோ ஆடப் போறாள்? குதிக்கால் வரைக்கும் எல்லோ அளக்க வேணும்!"

அவர் இவ்வளவு நீளமாய்க் கதைத்து யோகமே கேட்டதில்லை. என் அளவு இரண்டு அங்குலம் கூட. எலி தின்ற நாடா இரண்டு அங்குலம் குறைவு. இரண்டு பிழையும் சேர்ந்து அவருடைய கோலைச் சரியாக்கியிருந்தன. இதை யோகம் கணக்கு ரீச்சராய் விளக்கத் தொடங்கியபோது மாமா சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. நானும் சிரித்தேன். யோகம் பிளாஸ்டர் காலைத் தட்டித் தட்டிச் சிரித்தா.

என் கோலை முருங்கையடிக்குக் கொண்டு போனோம். முதல்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் அந்த மேசையில் நின்றோம். நான் மரவாளால் அரிந்தேன். மாமா ஆடும் நுனியைப் பிடித்தார்.

"மெதுவாய். வாள் சரியுது. தம்பி, சரியுது. நிப்பாட்டும்." பிறகு வாளைத் தன் இடக்கையில் வாங்கிக்கொண்டார். "நீர் பிடியும்."

அன்று மத்தியானம் யோகம் இரண்டு கோலையும் ஊன்றி, கிணற்றைத் தாண்டி, வாழையைத் தாண்டித் தனியே போனா. நாங்கள் பின்னாலே போகப் பார்த்தோம். திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்தா. நின்றுவிட்டோம். அடுத்த திங்கட்கிழமை வாடகைக் காரில் பள்ளிக்கூடம் போனா. பெரிய வகுப்புப் பெட்டைகள் எழும்பி நின்றார்களாம்.

பருத்தித்துறைக்கு மேசை போனது

பிளாஸ்டர் வெட்டி, யோகம் ஒற்றைக் கோலோடு நடக்கத் தொடங்கிய நாட்களில் அண்ணையிடமிருந்து செய்தி வந்தது. வள்ளத்தின் சுக்கான் உடைந்துவிட்டது, கரையிலேயே வைத்துத் திருத்த வேண்டும், அந்தப் பிடிக்கிற மேசையை இரண்டு நாள் தர முடியுமோ என்று.

"அப்பாட்டைக் கேள்" என்றேன் யோகத்திடம்.

"நீங்கள் கேளுங்கோ. உங்கடை மாமாதானே."

சிரித்த நாளுக்குப் பிறகும் நாங்கள் கதைத்ததெல்லாம் மரத்தைப் பற்றித்தான். அண்ணையைப் பற்றியோ எங்கள் வீட்டைப் பற்றியோ ஒரு சொல் நடுவில் வந்ததில்லை. மாமா விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். கேட்டேன்.

பேப்பரை மடித்தார். "கயிறு தந்தவரோ?"

"ஓம் மாமா."

பேப்பரைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார்.

"மேசையைத் தனிய விடேலாது" என்றார். "நானும் வாறன்."

பஸ்ஸில் யோகத்துக்கு ஒரு ஆசனமும் மேசைக்கு ஒரு ஆசனமும் பிடித்துக்கொடுத்தார். தான் நின்றுகொண்டு வந்தார். பருத்தித்துறையில் இறங்கியதும் உப்புக் காற்று வேட்டியை இழுத்தது. அவர் அந்தக் கரைக்கு வந்ததே இல்லை.

அண்ணை ஓடி வந்தார். இரண்டு பேரும் கைகூப்பிக்கொண்டார்கள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றபோது மேசைதான் கைகொடுத்தது. விரித்தவுடன் நாலு காலும் கடற்கரை மணலில் புதைந்தன. கடதாசியில் இதற்கு ஒரு உப சாமானும் இல்லை. கீழே பலகை போட வேண்டும் என்றார் அண்ணை. பலகை போதாது, சாக்கில் ஈரமணல் நிரப்பிக் காலில் கட்ட வேண்டும் என்றார் மாமா. அண்ணை மறுத்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். கடைசியில் பலகையும் போட்டு சாக்கும் கட்டினார்கள். மேசை அசையவில்லை. மத்தியானத்துக்குள் சுக்கானும் ஒட்டி, கயிறு முறுக்கிக் கட்டியாயிற்று.

அண்ணி முதல் நாளே மீன் படாத புதுச் சட்டிகள் வாங்கி, மாமாவுக்கென்று மரக்கறிச் சமையல் தனியே செய்திருந்தா. முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணி. சாப்பிட வாங்கோ என்று கூப்பிடத் தைரியம் இல்லாமல் கதவடியில் நின்றா. அண்ணை என்னைப் பார்த்தார். நான் யோகத்தைப் பார்த்தேன். யோகம் தகப்பனைப் பார்க்காமல் கோலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

மாமா கிணற்றடிக்குப் போய்க் கை கால் கழுவினார். வந்து முதல் இலையில் இருந்தார்.

"பசி" என்றார்.

அண்ணி ஓடி ஓடிப் பரிமாறினா. மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். குழம்பு இரண்டாம் தரமும் வாங்கினார். ரசமும் முடிந்த பிறகு, பக்கத்து இலையில் இருந்த அண்ணையின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"உங்கடை தம்பிக்கு வாள் பிடிக்கத் தெரியாது" என்றார்.

அண்ணை சிரிக்கவும் பயந்து, மறுக்கவும் பயந்து என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லை" என்றார் மாமா. "அதுக்கு நான் இருக்கிறன்."

எனக்கு வயிறு நிரம்பியிருந்தது. இருந்தாலும் இலையிலிருந்து முகத்தை எடுக்காமல், அண்ணியிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.